மேனேஜர் போட்டிருந்த கோட்டு

கண்ணாடி அலமாரிக்குள் ஒரு பொம்மை நாய் அம்மணமாக நின்றுகொண்டிருந்தது.

"பாவம், ஒரு துண்டாவது கட்டி விட்டிருக்கலாம்" என்றான் ரேடியோ.

அண்ணி அவனைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு வாயை மூடு என்று அர்த்தம். அர்த்தம் அவனுக்குத் தெரியும், அவன் வாய்க்குத்தான் தெரியாது. அந்த வாயால்தான் வீட்டில் அவனுக்கு ரேடியோ என்று பெயர் விழுந்தது. அண்ணி அவனுடைய அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்தவள். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டே அது எங்கே என்று கேட்கும் கணவரோடு குடித்தனம் நடத்தி, தேடிக் கண்டுபிடிப்பதில் கைதேர்ந்து, கடைசியில் ஒரு பேட்டரிக் கடை மாடியில் துப்பறியும் நிலையம் என்று பலகையே மாட்டிவிட்டாள். உதவிக்கு ஆள் தேடியபோது, எந்த வேலையிலும் ஒட்டாத கொழுந்தன் வீட்டிலேயே கிடைத்தான்.

"நேத்து சாயங்காலம் நானே பூட்டினேன் மேடம். காலையில வந்து பார்த்தா கோட்டு இல்ல. வாசல்ல ஒரு தெருநாய் அதைப் போட்டுக்கிட்டு ஜம்முனு உட்கார்ந்திருக்கு!"

சொன்னவள் அந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் செல்லப்பிராணிகள் வீட்டுத் தையல் சங்கத் தலைவி. தெருநாய் என்ற சொல் வந்ததும் அவள் குரல் தழுதழுத்தது. இடுப்பில் இளவரசி என்ற வெள்ளைப் பொமரேனியன். இளவரசியைத் தலைவி தரையில் இறக்கி யாரும் பார்த்ததில்லை. அதற்குக் கால்கள் இருப்பதையே தலைவி சொல்லித்தான் மற்றவர்கள் நம்ப வேண்டியிருந்தது.

சங்க அறையின் சுவரெல்லாம் புகைப்படங்கள். மழைக்கோட்டு போட்ட பூனை, ஸ்வெட்டர் போட்ட கிளி, முதுகில் பூப்போட்ட போர்வையோடு ஓர் ஆமை. நடுவில் தங்க எழுத்தில் சங்கத்தின் விதி: உரிமையாளர் தம் கையால், தம் வீட்டில், தம் செல்லத்துக்கு அளவெடுத்துத் தைத்த உடை மட்டுமே அனுமதிக்கப்படும்.

"ஆமைக்குப் போர்வையா? வீட்டுக்கே சட்டை போட்ட மாதிரில்ல இருக்கு" என்றான் ரேடியோ.

"அந்தக் கோட்டைப் பத்திச் சொல்லுங்க" என்று அண்ணி குறுக்கே புகுந்தாள்.

"பச்சை கார்டுராய் மேடம். உள்ளே பஞ்சு வெச்ச லைனிங். மேலே ஜிகினா நட்சத்திரம். கண்ணு முழிச்சு, முதுகு ஒடிஞ்சு, நானே தைச்சது. இன்னைக்குச் சாயங்காலம் சங்கத்தோட உடை அணிவகுப்பு, பரிசு வேற உண்டு. இளவரசி எதைப் போட்டுக்கிட்டு நடப்பா?"

"நடப்பாங்களா?" என்றான் ரேடியோ ஆர்வமாக.

அண்ணி அலமாரிப் பூட்டை இழுத்துப் பார்த்தாள். "காலையில நீங்க வந்தப்போ இது திறந்து கிடந்துதா?"

"இல்லையே, பூட்டித்தான் இருந்தது. சாவி ரெண்டு. ஒண்ணு எங்க வீட்டு ஆணியில தொங்குது. இன்னொண்ணு வாட்ச்மேன்கிட்ட. எங்க வீட்டுக்காரர் ரிட்டயர்ட் போலீஸ் கமிஷனர். இரும்புன்னு பேரு வாங்கினவர். அவர் இருக்கிற இடத்துலயே ஒருத்தன் கை வெச்சிருக்கான்னா எவ்வளவு தைரியம் பாருங்க. இதுல யோசிக்க என்ன இருக்கு?"

"யோசிக்க ஒண்ணும் இல்லன்னா எங்களை எதுக்குக் கூப்பிட்டீங்க?"

"வாட்ச்மேனைச் சும்மா வெளியே அனுப்பினா நாளைக்கு நாலு பேர் நாலு விதமா பேசுவாங்க. துப்பறிஞ்சு அனுப்பினோம்னா ஒரு மரியாதையா இருக்கும். அவனும் சந்தோஷமாப் போவான். அணிவகுப்பு ஆரம்பிக்கிறதுக்குள்ள ரூமைக் காலி பண்ணச் சொல்லியிருக்கு."

வெளியே வந்ததும் ரேடியோ சொன்னான்: "திருடிட்டுத் திரும்பப் பூட்டிட்டுப் போன திருடனை இப்பத்தான் அண்ணி பார்க்கிறேன். இவ்வளவு பொறுப்பான ஆளைப் பிடிச்சு சங்கத்துக்குச் செயலாளரா போட்டுடலாம்."

"தன் பொருளை எடுத்துக்கிட்டவங்க பூட்டிட்டுத்தான் போவாங்க தம்பி" என்றாள் அண்ணி.

*

வாசல் கேட்டுக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறைதான் வாட்ச்மேனின் வீடு. அறைக்கு வெளியே ஒரு தகரப் பெட்டி, சுருட்டிக் கட்டிய படுக்கை, கழற்றிப் போட்ட தொட்டில் கம்பிகள், ஒரு நீல வாளி. உள்ளே குழந்தையின் அழுகையும் அதைச் சமாதானப்படுத்தும் தாயின் குரலும் கேட்டன. வாட்ச்மேன் பெட்டிக்குப் பக்கத்தில் விறைப்பாக நின்றுகொண்டிருந்தார். வேலை போகப்போகும் நேரத்திலும் வருகிற காருக்கெல்லாம் சல்யூட் அடித்தார்.

தடயப் பொருள் அவருடைய நாற்காலிக்கு அடியிலிருந்து எழுந்து வந்தது. பழுப்பு நிற நாய். பச்சைக் கோட்டுக்கு வெளியே தெரிந்த இடங்களில் முடியை மழித்து மருந்து பூசியிருந்தார்கள்.

"யாராலயும் கழட்ட முடியல மேடம். கிட்டப் போனா உறுமுறான்" என்றார் வாட்ச்மேன். "இவன் பேரு மேனேஜர். நாள் முழுக்க உட்கார்ந்து மத்தவங்க வேலை செய்யறதைப் பார்த்துக்கிட்டிருப்பான். அதனால வெச்சேன்."

"சொறிக்கு மருந்து போட்டிருக்கே. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனது யாரு?"

வாட்ச்மேன் கேட்டின் தாழ்ப்பாளை ரொம்ப நேரம் பார்த்தார். "யாரோ புண்ணியவான், மேடம்."

"கோட்டை நீங்க எடுத்தீங்களா?"

"இல்ல மேடம்."

"யாரு எடுத்தாங்கன்னு தெரியுமா?"

"நான் சொல்லி எடுபடுமா மேடம்?" என்றார் அவர்.

அண்ணி கொஞ்சம் தள்ளிக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து மேனேஜரை வேடிக்கை பார்க்க ஆரம்பித்தாள். நாய் நின்றது. உட்கார்ந்தது. ஈ ஒன்றைத் துரத்த எழுந்தது. மறுபடி உட்கார்ந்தது. அண்ணியின் முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு வந்தது. ரேடியோவுக்குக் கால் வலித்தது.

"என்ன அண்ணி, மேனேஜர்கிட்ட லீவு கேட்கப் போறீங்களா?"

"தம்பி, நீ உட்கார்ந்திருக்கும்போது அளவெடுத்து உனக்கு ஒரு பேண்ட் தைச்சா என்ன ஆகும்?"

"எந்திரிக்கும்போது மானம் போகும்."

"இவனைப் பாரு. நிக்கும்போது முதுகுல துணி கும்பலாச் சேருது, வயித்துப் பக்கம் இழுக்குது. உட்கார்ந்ததும் ஒரு சுருக்கம் இருக்கா?"

இல்லை. உட்கார்ந்த மேனேஜர் ஏதோ கல்யாணத்துக்குக் கிளம்பியவன் போலிருந்தான்.

"நாய்க்குக் கோட்டு தைக்கிறவங்க நாயை நிக்க வெச்சுத்தான் அளவெடுப்பாங்க. இதைத் தைச்ச ஆள் உட்கார வெச்சு எடுத்திருக்கார். அந்தத் தப்பு ஒண்ணுதான். மத்தபடி பொத்தான் காஜா ஒவ்வொண்ணையும் பாரு, அச்சுல வார்த்த மாதிரி. ஓரம் மடிச்சது வெளியே தெரியவே இல்ல. ஆனா இந்த ஜிகினா?"

மேனேஜர் உடம்பை உதறினான். ஒரு நட்சத்திரம் பொத்தென்று விழுந்தது. ரேடியோ அதைப் பொறுக்கித் திருப்பிப் பார்த்தான். "பசை!"

"இவ்வளவு அழகா காஜா எடுக்கத் தெரிஞ்சவர் நட்சத்திரத்தைப் பசை தடவி ஒட்ட மாட்டார். இந்தக் கோட்டுல ரெண்டு பேர் கை இருக்கு. ஒரு கைக்குத் தைக்கத் தெரியும். இன்னொரு கைக்கு ஒட்டத்தான் தெரியும்."

"ஒட்டின கை யாருதுன்னு எனக்கே தெரியும். இடுப்புல இளவரசி இருந்தா ஒரு கைதானே மிச்சம், அதுல எப்படித் தைக்கிறது?"

"அதேதான். இளவரசிக்கு இப்படி உட்காரவே தெரியாது. இந்தக் கோட்டு அவளுக்குத் தைச்சதே இல்ல. மேனேஜரை உட்கார வெச்சு மேனேஜருக்காகவே தைச்சது."

ரேடியோ வாயைப் பிளந்தான். "அப்போ திருட்டே நடக்கலையா? வாங்க, தலைவிகிட்டப் போய் உடைச்சுச் சொல்லிடுவோம். அந்த மனுஷன் பெட்டியை உள்ளே எடுத்து வைக்கட்டும்."

"சொன்னா, என் கைதான் தைச்சதுன்னு இளவரசி தலையில அடிச்சு சத்தியம் பண்ணுவாங்க. தைச்ச ஆளே வந்து வாயைத் திறக்கணும். இந்தக் குடியிருப்புல உண்மையா ஊசி பிடிக்கிற கை எதுன்னு கண்டுபிடிச்சா, வாட்ச்மேன் குடும்பம் இங்கேயே இருக்கும். இல்லன்னா சாயங்காலம் அந்தக் கைக்குழந்தை தெருவுல."

ரேடியோ வாளியைப் பார்த்தான். ஒரு ஜோக்கைத் தேடினான், கிடைக்கவில்லை.

*

ஊசி பிடிக்கிற கையைத் தேடி இருவரும் சங்க உறுப்பினர்கள் வீடு வீடாக ஏறி இறங்கினார்கள்.

முதலில் பல் டாக்டரம்மா. மழைக்கோட்டுப் பூனையின் சொந்தக்காரி. அவளுடைய தையல் மெஷின் ஹாலில் விளக்கு வெளிச்சத்தில் பளபளத்தது. "ராப்பகலா இதுலதான் கிடப்பேன்" என்றாள். அண்ணி ஊசிக்கு அடியில் குனிந்து பார்த்தாள். கடையில் வாங்கியபோது வைத்திருந்த வெள்ளைத் தெர்மகோல் துண்டு இன்னும் அங்கேயே இருந்தது.

"தெர்மகோல்லதான் தைப்பீங்களா டாக்டர்? பூனைக்குக் குளிர் தெரியாதுல்ல" என்று விசாரித்தான் ரேடியோ. டாக்டரம்மாவுக்கு உடனே ஒரு நோயாளி ஞாபகம் வந்துவிட்டார்.

அடுத்து பேங்க் மேனேஜர். அவருடைய கிளி சிவப்பு ஸ்வெட்டரில் கழுத்தைச் சொறிந்துகொண்டிருந்தது. கடைப் பெயர் எழுதிய துணிச்சீட்டைக் கத்தரித்தவர், அதன் தடித்த ஓரத்தைக் கத்தரிக்காமல் விட்டதால் வந்த அரிப்பு.

"நானே பின்னினது. நூல்கூட நானே நூத்ததுதான்" என்றார் அவர்.

"உள்ளே இன்னொரு சீட்டு இருக்கே சார்" என்று ரேடியோ எட்டிப் படித்தான். "வெந்நீரில் துவைக்கக் கூடாது. உங்க கிளிக்கு நீங்களே எழுதி வெச்ச புத்திமதியா?"

மாடிப்படி ஏறும்போது ரேடியோ மூச்சு வாங்கினான். "என்ன அண்ணி இது? வீட்டுத் தையல் சங்கத்துல வீடும் இருக்கு, சங்கமும் இருக்கு. தையலைத்தான் காணோம்."

கடைசியாகத் தலைவியின் வீடு. ஹாலில் அவளுடைய தையல் மெஷின் மேல் ஒரு பூ ஜாடி, ஜாடிக்கு அடியில் ஒரு விரிப்பு, அதற்கும் அடியில் மெஷினில் ஊசியே இல்லை. தலைவி புல்வெளியில் நாற்காலி போடச் சொல்லி யாரையோ போனில் அதட்டிக்கொண்டிருந்தாள். அப்போது உள்ளே மூடியிருந்த ஓர் அறையிலிருந்து கடகடவென்று ஒரு சத்தம் வந்தது. அண்ணி போய்க் கதவைத் தட்டினாள். சத்தம் டக்கென்று நின்றது. ஏதோ இழுத்து மூடப்பட்டது. ஒரு கனைப்பு கேட்டது.

"வரலாம்."

பெரிய மேஜை. அதன் மேல் ஏதோ ஒன்று துணி போட்டு மூடியிருந்தது. பின்னால் கமிஷனர். ரிட்டயர் ஆன பிறகும் அவர் மீசை ரிட்டயர் ஆகியிருக்கவில்லை. அந்த அறையில் இருந்தது ஒரே ஒரு நாற்காலி, அதிலும் அவர்தான் உட்கார்ந்திருந்தார்.

"உட்காரலாமா சார்?" என்றான் ரேடியோ.

"எதுல?" என்றார் கமிஷனர்.

நின்றார்கள். சுவரில் இருந்த படங்களிலும் எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள், அவரைத் தவிர.

"ஏதோ சத்தம் கேட்டுது" என்றாள் அண்ணி.

"டைப்ரைட்டர். சுயசரிதை எழுதுறேன்."

வேலைக்காரப் பெண் காபி கொண்டு வந்து வைத்தாள். கமிஷனர் சர்க்கரையை அள்ளி அள்ளிப் போட்டுக் கலக்கினார். அவர் மணிக்கட்டில் ஒரு கட்டு. விரல் நுனிகளில் புள்ளி புள்ளியாகக் காயங்கள்.

"விரல்ல என்ன சார்?" என்று கேட்டான் ரேடியோ.

"சுகர் டெஸ்ட். தினமும் குத்திப் பார்க்கச் சொல்லியிருக்காங்க."

"மணிக்கட்டுல?"

"இளவரசி. அதுக்கு என்னைப் பிடிக்காது. நான் கிட்டப் போனாலே கடிக்கும்." அவர் கனைத்துக்கொண்டார். பிறகு ஜன்னல் பக்கம் பார்த்தபடி கேட்டார்: "அந்த வாட்ச்மேன்... போய்த்தான் ஆகணுமா? ஒரு நாய்க் கோட்டு. விட்டுடலாம்னு நான் சொல்லிப் பார்த்தேன். இவ கேட்கல."

"நீங்க இன்னும் கொஞ்சம் சத்தமாச் சொல்லிப் பார்த்திருக்கலாம் சார்" என்றாள் அண்ணி.

கமிஷனரின் மீசை ஒருமுறை அசைந்தது.

படியில் இறங்கும்போது ரேடியோ தன் தீர்ப்பை அறிவித்தான். "பேங்க் மேனேஜர்தான் அண்ணி. நூலே நானே நூத்தேன்னு சொன்னவர் எதையும் செய்வார்."

"கடைக்குப் போய் ஒரு இஞ்சு டேப் வாங்கிட்டு வா" என்றாள் அண்ணி.

"யாரைக் கட்டிப் போடறதுக்கு?"

"ஒருத்தர் கட்டை அவிழ்க்கிறதுக்கு."

*

மாலையில் புல்வெளியில் நாற்காலிகள் வட்டமாகப் போடப்பட்டிருந்தன. நடுவர் உட்கார வெல்வெட் போர்த்திய ஒரு பெரிய நாற்காலி. சங்கத்தார் தங்கள் செல்லங்களோடு வந்து அமர்ந்தார்கள். கமிஷனர் வட்டத்துக்குப் பின்னால் ஒரு மரத்தோடு மரமாக நின்றுகொண்டார். வாசலில் வாட்ச்மேனின் சாமான்களை ஏற்றிப்போக ஒரு தள்ளுவண்டி வந்திருந்தது.

"சீக்கிரம் முடிச்சுடுங்க மேடம். அவன் போனாத்தான் எங்களுக்கு ஆரம்பிக்க மனசு வரும்" என்றாள் தலைவி.

அண்ணி இஞ்சு டேப்பை எடுத்தாள். "ஒரே ஒரு விஷயம். இங்க இருக்கிற உடையெல்லாம் உங்க கையாலயே அளவெடுத்துத் தைச்சது. அப்போ உங்க செல்லங்களுக்கு இந்த டேப்பு பழகின பொருளா இருக்கும், இல்லையா? ஒவ்வொருத்தரா வந்து ஒரு தடவை கழுத்தளவு எடுத்துக் காட்டுங்க. வேற ஒண்ணும் வேண்டாம்."

வட்டத்தில் ஒரு சலசலப்பு. மறுத்தால் என்ன ஆகும் என்று யோசிக்க அண்ணி அவகாசம் கொடுக்கவில்லை. டேப்பு பல் டாக்டரம்மாவின் மடியில் விழுந்தது. அவள் அதை விரித்தாள். பூனை பாம்பைக் கண்டதுபோலத் துள்ளி, பேங்க் மேனேஜரின் தலைவழியாக மரத்தில் ஏறிவிட்டது. பேங்க் மேனேஜர் டேப்பைக் கிளியிடம் நீட்டினார். கிளி ஒரு முனையைக் கவ்விக்கொண்டு விடவில்லை. இருவரும் கயிறு இழுத்தார்கள், கிளிதான் ஜெயித்தது, பரிசாக ஓரத்தில் ஒரு நூலைப் பிய்த்துக்கொண்டு டேப்பை விட்டது. ஆமை டேப்பைக் கண்டதும் தலையையும் கால்களையும் உள்ளே இழுத்துக்கொண்டது.

"கூட்டத்துலயே புத்திசாலி அதுதான்" என்றான் ரேடியோ.

தலைவி தன் முறை வந்ததும் நிமிர்ந்தாள். "இளவரசிக்கு இதெல்லாம் தண்ணி பட்ட பாடு" என்று சொல்லி டேப்பைக் கழுத்தருகே கொண்டுபோனாள். இளவரசி அவள் கட்டை விரலைக் கடித்தது. "இன்னைக்கு அவளுக்கு மூடு சரியில்ல" என்றாள் தலைவி வலியை விழுங்கிக்கொண்டு. எல்லோருடைய செல்லங்களுக்கும் அன்று மூடு சரியில்லை என்று சங்கம் ஒருமனதாக ஒப்புக்கொண்டது.

அண்ணி டேப்பை வாங்கிக்கொண்டு மரத்தடிக்கு நடந்தாள்.

"சார், இதைக் கொஞ்சம் பிடிங்க. நான் கைப்பையில ஒண்ணு தேடணும்."

கமிஷனர் பின்வாங்கினார். ஆனால் டேப்பு அவர் கைக்குப் போய்விட்டிருந்தது. பழக்கம் என்று ஒன்று இருக்கிறதே, அவரை அறியாமலே அவர் அதை உதறி நேராக்கி, முனையை விரலிடுக்கில் பிடித்தார். ஒருமுறை கனைத்தார்.

வாசலில் படுத்திருந்த மேனேஜர் காதைத் தூக்கினான். எழுந்தான். தள்ளுவண்டியைத் தாண்டி, நாற்காலிகளின் ஊடே, வெல்வெட் நாற்காலியைச் சுற்றிக்கொண்டு நேராக வந்து கமிஷனருக்கு முன்னால் உட்கார்ந்தான். முகவாயை மேலே தூக்கிக் கழுத்தைக் காட்டினான். கொஞ்சம் காத்திருந்தான். பிறகு வலது முன்னங்காலைத் தூக்கினான். அதை இறக்கி இடது காலைத் தூக்கினான். கடைசியில் தையற்கடையில் நிற்கும் வாடிக்கையாளர் மாதிரி திரும்பி முதுகைக் காட்டி உட்கார்ந்து, இன்னும் ஏன் தாமதம் என்பதுபோல் தலையை மட்டும் திருப்பிப் பார்த்தான்.

மரத்தின் மேலே பூனைகூடக் கத்தவில்லை.

"சாட்சி சொல்லியாச்சு சார்" என்றாள் அண்ணி மெதுவாக. "டைப்ரைட்டர்ல வரி முடிஞ்சா மணி அடிக்கும். உங்க சுயசரிதையில மணியே அடிக்கல. சுகருக்கு விரலைக் குத்திப் பார்க்கிறவர் அவ்வளவு சர்க்கரையும் போட்டுக்க மாட்டார். ஆனா அதெல்லாம் நான் சொல்ற பேச்சு. மிச்சத்தை நீங்கதான் சொல்லணும்."

கமிஷனர் தன் மனைவியைப் பார்த்தார். "என்னங்க..." என்றாள் தலைவி. வேண்டாம் என்று அவள் கண்கள் கெஞ்சின. அவர் வாசலைப் பார்த்தார். தள்ளுவண்டிக்காரன் தகரப் பெட்டியில் கை வைத்திருந்தான். மேனேஜர் மறுபடி திரும்பி, விட்ட இடத்திலிருந்து வலது காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான். இனிமேல் ஒன்று, அந்தக் காலைக் கையில் வாங்க வேண்டும். அல்லது இத்தனை பேர் முன்னால் அதை அந்தரத்தில் விட வேண்டும்.

இரும்பு என்று பெயர் வாங்கியவர் புல்லில் முட்டி போட்டு உட்கார்ந்து அந்தக் காலை வாங்கிக்கொண்டார்.

"நான்தான்" என்றார். "இந்தக் கோட்டு நான் தைச்சது. போன வருஷம் பரிசு வாங்கின கவுன், அதுக்கு முந்தின வருஷத்துத் தொப்பி, எல்லாம் நான் தைச்சது. வெளியே தெரிஞ்சா சிரிப்பாங்கன்னு அறைக்குள்ளேயே தைச்சேன். இது மட்டும் இவனுக்குன்னு தைச்சது. நான் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போய் முடி எடுத்ததுலேர்ந்து விடியக்காலையில நடுங்குவான். தைச்சு முடிச்சு வெச்சிருந்தேன். அவ எடுத்துட்டுப் போய் ஜிகினா ஒட்டி அலமாரியில வெச்சுட்டா. காலையில ஆணியிலேர்ந்து சாவியை எடுத்துட்டுப் போய் இவனுக்குப் போட்டு விட்டேன். அந்தாளை வெளியே போகச் சொல்வாங்கன்னு நினைக்கல. சொன்னப்புறமும் எனக்கு வாய் வரல."

எத்தனையோ பேரை ஒப்புக்கொள்ள வைத்த மனுஷருக்குத் தானே ஒப்புக்கொள்ள ஒரு நாள் பூராவும் பிடித்தது. ரேடியோவுக்கு அவர்மேல் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. அவன் நைசாக வாட்ச்மேன் பக்கம் நகர்ந்தான்.

"அண்ணே, உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தினமும் விடியக்காலையில ஜெனரேட்டர் ரூமுக்குப் பின்னாடி பார்ப்பேன் தம்பி."

"சொல்லித் தொலைச்சிருக்கலாமே?"

"கமிஷனர் ஐயா ஒரு தெருநாய் முன்னாடி முட்டி போட்டு உட்கார்ந்திருப்பார்னு நான் சொன்னா யாரு நம்புவா? திருட்டுப் பட்டத்தோட பொய்யன் பட்டமும் சேர்ந்து கிடைச்சிருக்கும்."

வட்டத்தில் பல் டாக்டரம்மா எழுந்தாள். "அப்போ பரிசு? கமிஷனர் சார் சங்கத்துல உறுப்பினரே இல்லையே!"

"அந்த நாயும் உறுப்பினர் இல்ல" என்றார் பேங்க் மேனேஜர், கிளியின் வாயிலிருந்து டேப்பின் நூலை உருவிக்கொண்டே. விதிப்படி இதைப் பற்றித் தனியாக ஒரு கூட்டம் போட வேண்டும் என்று முடிவானது. தையல் தெரிந்தவரை என்ன செய்வது என்று அந்தச் சங்கத்தில் யாருக்கும் தெரியவில்லை. தலைவி இளவரசியின் ரோமத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

அண்ணி கமிஷனரின் அருகே குனிந்தாள். "அருமையான வேலை சார். ஆனா அளவை மட்டும் உட்கார வெச்சு எடுத்துட்டீங்க. அடுத்த தடவை நிக்க வெச்சு எடுங்க."

"தெரியும்மா" என்றார் அவர், தலை நிமிராமல். "தெரிஞ்சுதான் எடுத்தேன். என் சர்வீஸ் முழுக்க என் முன்னாடி வந்த யாரையும் நான் உட்காரச் சொன்னதில்ல. புகார் குடுக்க வந்தவங்களைக்கூட. ரிட்டயர் ஆனப்புறம் என்னைத் தேடி வந்தது இவன் ஒருத்தன்தான். இவனையாவது உட்கார வெச்சுப் பேசணும்னு தோணுச்சு."

அண்ணி வாசல் பக்கம் கையைக் காட்டினாள். "அவர் காலையிலேர்ந்து நின்னுக்கிட்டுத்தான் சார் இருக்கார்."

கமிஷனர் எழுந்தார். முட்டியில் ஒட்டிய புல்லைத் தட்டவில்லை. வட்டத்துக்கு நடுவே போய் நடுவரின் வெல்வெட் நாற்காலியை இரண்டு கையாலும் தூக்கினார். கனமான நாற்காலி. யாரோ உதவிக்கு வந்தபோது வேண்டாமென்று தலையாட்டினார். மூச்சு வாங்க அதைப் புல்வெளி தாண்டிச் சுமந்து வந்து வாட்ச்மேனுக்கு முன்னால் வைத்தார்.

"உட்காருப்பா" என்றார். "தப்பு என்னுது. எல்லாருக்கும் கேட்கிற மாதிரித்தான் சொல்றேன்."

வாட்ச்மேன் நாற்காலியைப் பார்த்தார், கமிஷனரைப் பார்த்தார். சல்யூட் அடிக்கக் கை பாதி தூரம் போய்த் திரும்பியது. கடைசியில் வெல்வெட்டின் ஓரத்தில், எப்போது வேண்டுமானாலும் எழுந்துவிடத் தயாராக, உட்கார்ந்தார். மேனேஜர் ஓடிவந்து அவர் காலடியில் உட்கார்ந்தான். கோட்டில் ஒரு சுருக்கம் இல்லை.

"வண்டியைத் திருப்புப்பா, சவாரி இல்ல" என்று ரேடியோ தள்ளுவண்டிக்காரனிடம் சொன்னான்.

அறை வாசலில் வாட்ச்மேனின் மனைவி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். குனிந்து நீல வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.